ஷட்டருக்கு அடியில் நின்ற கட்டை

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்து மூன்று. தொழில், தோல் பட்டறையில் ஓரம் தேய்ப்பது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் கை நிலையாக இல்லாததால் நான் சொல்லச் சொல்ல எழுத்தர் அம்மா எழுதிக்கொள்ளச் சம்மதித்தேன். சம்பவத்துக்கு மறுநாள் மருத்துவமனையில் வைத்து நான் கொடுத்த வாக்குமூலம் ஒன்று ஏற்கெனவே இந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறது. அது பொய். அதில் என் கையெழுத்து மட்டும்தான் உண்மை. அதைத் திருத்துவதற்காகச் சம்பவம் நடந்த ஒன்பதாம் நாளான இன்று நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வரவில்லை.

பட்டறை என் உடன்பிறந்த அண்ணனுடையது. அண்ணன் வீட்டின் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த ஒரே நீள அறை அது. அங்கே பெல்ட், பர்ஸ், தோள்பை ஆகியவை செய்கிறோம். என் கணவர் என்னை விட்டுப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவர் போன மறுவாரமே அண்ணன் வந்து என் சாமான்களைத் தானே தலையில் சுமந்து படியேற்றி மொட்டை மாடி அறையில் இறக்கினார். அன்று முதல் அங்கேதான் இருக்கிறேன். அண்ணன் கெட்ட மனிதர் அல்ல. இது வழக்குக்குத் தேவையில்லை என்று சொன்னார்கள். இருந்தாலும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

பட்டறையில் என்னையும் சேர்த்து மூன்று பேர். பசை தடவி ஒட்டுகிறவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவரைப் பசையக்கா என்று கூப்பிடுவோம். இறந்துபோனவர் அவர்தான். தைப்பவர் அறுபதைத் தாண்டியவர், அவரை மாஸ்டர் என்போம். என்னை இருவரும் 'ஓரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பசையக்கா இரண்டு தோலை ஒட்டி மாஸ்டரிடம் தருவார், மாஸ்டர் தைத்து என்னிடம் தருவார். நான் அதன் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, ஈரம் தொட்டு, மெழுகு பூசி, அதன் பிறகு கட்டையால் சூடு பிறக்கும்வரை தேய்ப்பேன். சரியாகத் தேய்த்தால் இரண்டு தோல் என்பதே தெரியாது. ஒரே தோல்போலக் கண்ணாடியாகிவிடும்.

கட்டையைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்வதாவது: அது நானே செய்தது. காலொடிந்த பழைய நாற்காலி ஒன்றின் கால். கறுப்பாக, இரும்பு மாதிரி கனக்கிற மரம். என் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்று நீளமாக அறுத்து, கைப்பிடிக்கும் இடத்தை உருட்டி, பெல்ட்டுக்கு ஒன்று, பர்ஸுக்கு ஒன்று, தோள்வாருக்கு ஒன்று என்று மூன்று பள்ளக்கோடு இழைத்தேன். கடையில் விற்கிற கட்டை என் கைக்குப் பெரிது. நாள் முழுவதும் பிடித்தால் கட்டைவிரல் மரத்துப்போகும். அதனால் செய்தேன். ஓய்ந்த நேரத்தில் மட்டும் உட்கார்ந்து செய்ததில் மூன்று மாதம் ஆனது. பசையக்கா அதைப் பார்த்துவிட்டு, "கட்டிக்கிட்டவன் போனான், கட்டை வந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

ஆறு மாதத்துக்கு முன்பு, பசை வாடை தாங்க முடியவில்லை என்று தெருவில் உள்ளவர்கள் மனு கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, குடியிருக்கும் தெருவில் இந்த வேலை கூடாது, வேறு இடம் பார்க்கும்வரை மூடி வைக்க வேண்டும் என்று தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அண்ணன் வேறு இடம் தேடினார், அமையவில்லை. அதன் பிறகு ஒரு நாள் எங்கள் மூவரையும் கூப்பிட்டு, "உள்ள வேலை நடக்கட்டும், வெளிய ஷட்டர் பூட்டி இருக்கட்டும். பூட்டின கடையை யார் வந்து தட்டப் போறா?" என்றார். வாடை வெளியே போகக் கூடாது என்று எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்த ஓட்டையை வெளிப்பக்கம் பலகை வைத்து அடைத்தார். வீட்டுக்குள் போகும் பின்கதவின் முன்பு வெட்டு இயந்திரம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. நான்கு ஆள் சேர்ந்தாலும் அது நகராது. ஆகவே உள்ளே வரவும் வெளியே போகவும் ஷட்டர் ஒன்றுதான். காலையில் நாங்கள் உள்ளே போனதும் அண்ணன் இழுத்து மூடிப் பூட்டுவார். மதியம் திறப்பார், மறுபடி பூட்டுவார், மாலையில் திறப்பார். மனிதர் இருக்கிற இடத்தை வெளியே பூட்டலாமா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. முதல் நாள் மாஸ்டர் மட்டும், "மிருகக்காட்சிசாலையிலகூட பார்க்கறதுக்கு நாலு பேரு வருவாங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். அதோடு அது பழகிவிட்டது.

இதை யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அண்ணன் வெளியூர் போன நாட்களில் சாவி என்னிடம் இருந்தது. நூல் வாங்கவும் மெழுகு வாங்கவும் நான் கடைத்தெருவுக்குப் போனபோது அவர்கள் இருவரையும் உள்ளே வைத்து நானே பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன். நான்கு முறை. ஒரு முறை நான் பூட்டும்போது பசையக்கா உள்ளேயிருந்து ஷட்டரைத் தட்டி, "ஏய் ஓரம், சாவியத் தொலைச்சுட்டு வந்து நிக்காதடி" என்றார். நான், "தொலைச்சா என்ன, மாஸ்டர் துணைக்கு இருக்காரே" என்று சொல்லிவிட்டுப் போனேன். கடையில் ஆள் அதிகம் இருந்ததால் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வந்து திறந்தபோது பசையக்கா ஷட்டரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஆனால் அவர் மேசையில் ஒட்ட வேண்டிய தோல் நான் விட்டுப்போனபடியே கிடந்தது. அதை நான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

சம்பவத்தன்று புதன்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து மூவரும் உள்ளே போனோம். அண்ணன் ஷட்டரைப் பூட்டிவிட்டு, முடித்த பைகளை எடுத்துக்கொண்டு வண்டியில் போனார். அண்ணி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், வீட்டில் வேறு யாரும் இல்லை. இரண்டு மணிக்கு மேல் மின்சாரம் நின்றது. விளக்கும் மேலே சுற்றிய ஃபேனும் நின்றன. ஷட்டரின் அடியிலும் இடுக்குகளிலும் வருகிற வெளிச்சம் தவிர வேறு வெளிச்சம் இல்லை. பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று கையை மடித்து உட்கார்ந்திருந்தோம். பசையக்கா சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, பசையை இளக்கும் தின்னர் டப்பாவின் மூடியைத் தேடி எழுந்தார். ஃபேன் இல்லாமல் டப்பா திறந்திருந்தால் வாடை தலைக்கேறும் என்பது அவருக்குத் தெரியும். இருட்டில் கால் தடுக்கி டப்பாவோடு விழுந்தார். டப்பா பெரியது, காலையில்தான் உடைத்தது. தின்னர் அவர் மடியிலும் கால்களிலும் தரையிலும் பரவியது. கண் எரிந்து யாராலும் திறக்க முடியவில்லை. கிடைத்த துணியையெல்லாம் போட்டுத் துடைத்தோம். துடைத்த துணியை எங்கே போடுவது? அதுவும் உள்ளேதான் கிடந்தது.

சற்று நேரத்தில் பசையக்கா சிரிக்க ஆரம்பித்தார். "ராட்டினத்துல ஏத்தி விட்ட மாதிரி இருக்குடி" என்றார். அதன் பிறகு வாந்தி எடுத்தார். அதன் பிறகு உட்கார முடியாமல் சாய்ந்தார். எனக்கும் தலை சுற்றியது. மாஸ்டர் ஷட்டரைப் பிடித்து உலுக்கினார். ஷட்டருக்கு வலது பக்கம்தான் பூட்டு. இடது பக்கத்து வளையம் எப்போதோ ஒரு லாரி இடித்து நசுங்கிப்போனது, அதில் பூட்டு மாட்ட முடியாது. அதனால் இடது மூலையைத் தூக்கினால் கொஞ்சம் மேலே வரும், விட்டால் விழுந்துவிடும். மாஸ்டர் இரும்பு அளவுகோலை அடியில் கொடுத்து நெம்பித் தூக்கி, "எதையாவது வை, எதையாவது வை" என்று கத்தினார். சுத்தியலை வைத்தேன், உருண்டுவிட்டது. தோல் சுருளை வைத்தேன், நசுங்கியது. அதன் பிறகு மடியில் கிடந்த கட்டையை எடுத்து ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் செங்குத்தாக நிறுத்தினேன். மாஸ்டர் அளவுகோலை மெதுவாக விட்டார். ஷட்டரின் இரும்பு விளிம்பு கட்டையின் தலையில் 'நறுக்' என்று இறங்கியது. கட்டை நின்றது.

இடைவெளி நான்கு விரலுக்கு மேல் இருக்கும். ஆள் நுழைய முடியாது. பசையக்காவை இழுத்து வந்து அந்த இடைவெளிக்கு நேராக முகம் இருக்கும்படி என் மடியில் படுக்க வைத்தேன். தின்னரில் நனைந்த மேல்துணியை அவிழ்த்துத் தூரப் போட்டேன். வெளியே தெருவின் தார் தெரிந்தது. ஒரு ஜோடிச் செருப்புக்கால்கள் தூரத்தில் போயின.

எங்கள் கைப்பேசி வேலை நேரத்தில் மேலே அண்ணியின் அலமாரியில் இருக்கும், மணி அடித்தால் வெளியே கேட்கும் என்பதால். மாஸ்டர் மட்டும் தன்னுடையதை அண்ணனுக்குத் தெரியாமல் இடுப்பில் வைத்திருப்பார். அதில் அண்ணனைக் கூப்பிட்டார். மாஸ்டருக்குக் காது சற்று மந்தம் என்பதால் சத்தமாக வைத்துப் பேசுவார், ஆகவே அண்ணன் சொன்னது எனக்கும் கேட்டது. அண்ணன் சொன்ன வார்த்தைகள் இவை: "பத்து நிமிஷத்துல வர்றேன். யாரும் கத்தாதீங்க. கத்தினீங்கன்னா தெருவே கூடிடும், அதோட எல்லாம் முடிஞ்சுது. ஓரத்துக்கிட்ட சொல்லு, கத்தக் கூடாதுன்னு." மாஸ்டர் என்னிடம், "கேட்டுச்சில்ல?" என்றார். கேட்டது என்றேன்.

அதன் பிறகு நாங்கள் கத்தவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டதற்குச் சொல்வதாவது: மாஸ்டரின் கைப்பேசியில் அண்ணனைக் கூப்பிட்ட நேரம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் வந்து திறந்தபோது மணி மூன்று ஐந்து. என் கணக்கில் அரை மணிக்குக் குறையாது. ரயில்வே கேட் மூடியிருந்ததாக அண்ணன் பிறகு சொன்னார், அது உண்மையாகவே இருக்கலாம். அந்த அரை மணியில் ஷட்டருக்கு வெளியே மூன்று முறை ஆள் போகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் யாரிடமோ போனில் பேசிக்கொண்டு மிக அருகில் போனார். கையை நீட்டியிருந்தால் அவர் காலைத் தொட்டிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்துவிடுவார் என்று இருந்தேன். அண்ணன் சொல்லி நான் கேட்காமல் இருந்ததே இல்லை.

பசையக்காவுக்கு நடுவில் நினைவு வந்தது. மாஸ்டரைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார். பிறகு அவர் கண் கட்டையின் மேல் போனது. ஷட்டரின் பாரம் இறங்கி இறங்கி, கட்டையின் தலையில் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தது. "ஏண்டி, கட்டை ஒடஞ்சிடப் போகுது, எடுத்துடு" என்றார். "ஒடஞ்சா ஒடையட்டும். நீங்க மூச்ச நல்லா இழுங்கக்கா" என்றேன். "மூணு மாசமாச்சேடி செய்ய" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. நான் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். கன்னத்தில் அடித்தேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கர்கர் என்று வந்தது.

அப்போதுதான் நான் தரையோடு வாயை வைத்துக் கத்தினேன். மாஸ்டர், "வேணாம்மா, வந்துடுவாரு" என்று என் தோளைப் பிடித்தார். உதறிவிட்டேன். ஐந்தாறு முறை கத்தியிருப்பேன். வண்டி வந்து நிற்கிற சத்தமும் பூட்டு திறக்கிற சத்தமும் கேட்டன. ஷட்டர் மேலே போனது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுக்குக் கத்தறே?" என்பது. அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பசையக்காவைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு தெருமுனைவரை ஓடியவர் அவர்தான். ஆட்டோவில் அவர் மடியில்தான் பசையக்காவின் தலை இருந்தது. ஷட்டர் தூக்கியபோது கட்டை சாய்ந்து வாசலில் உருண்டது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நானும் ஏறினேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. கைப்பழக்கம்.

மருத்துவமனையில் பசையக்காவை உள்ளே கொண்டுபோன பிறகு, அண்ணன் என்னையும் மாஸ்டரையும் மாடிப்படிக்கு அழைத்துப் போனார். அழுதுகொண்டுதான் பேசினார். பட்டறை மூடியிருந்தது என்றும் நாங்கள் யாரும் உள்ளே வேலை செய்யவில்லை என்றும் சொல்ல வேண்டும். பசையக்கா மறந்து வைத்துவிட்ட தன் மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பாதி திறந்த ஷட்டர் வழியாக உள்ளே போய், இருட்டில் டப்பாவைத் தட்டிவிட்டு மயங்கிவிட்டார் என்று சொல்ல வேண்டும். நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன், மாஸ்டர் அன்று வரவேயில்லை. இப்படி ஒவ்வொருவரும் எங்கே இருந்தோம் என்பதை அவரே பிரித்துக் கொடுத்தார். "அக்கா எந்திரிச்சதும் நான் கால்ல விழுந்து பேசிக்கறேன். இப்ப எனக்கு நீங்க ரெண்டு பேருதான்" என்றார். மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரியிடம் நான் அப்படியே சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். பசையக்கா கண் திறந்தால் எல்லாம் அவரே சொல்லிவிடுவார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அதற்கு மறுநாள் காலையில் அவர் இறந்துபோனார்.

மாஸ்டர் என்ன சொல்வார் என்று கேட்டதற்குச் சொல்வதாவது: அவர் சொல்வதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அவரை நான் குறை சொல்லவில்லை. ஷட்டரைத் தூக்கிப் பிடித்ததில் அவர் உள்ளங்கை கிழிந்திருக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம்.

அடக்கம் முடிந்து வந்த அன்று மாலை, அண்ணன் மாடிக்கு வந்தார். நான் கட்டையை ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்முனையில் ஷட்டரின் விளிம்பு வெட்டிய நேர்கோடு ஆழமாக இருந்தது, அதில் ஷட்டரின் சாம்பல் வண்ணமும் ஒட்டியிருந்தது. கீழ்முனையில் சிமெண்ட் தரை கடித்த தடம். திறந்திருக்கிற ஷட்டருக்கு யாரும் உள்ளேயிருந்து முட்டு கொடுக்க மாட்டார்கள் என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். அண்ணன் அதை அடுப்பில் போடச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் கையில் கொடுத்து, "நீ ஓரம் தேய்க்கறவதானே. இதையும் தேய்ச்சிடு" என்றார்.

அவர் போன பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழ்முனையைத் தேய்த்தேன். சிமெண்ட் தடம் போய்விட்டது. மெழுகு பூசித் துணியால் துடைத்தேன், பழையபடி ஆகிவிட்டது. இதை மறைக்காமல் சொல்கிறேன்: சாட்சியத்தில் பாதியை நானே அழித்திருக்கிறேன். மேல்முனையைத் தேய்க்க ஆரம்பிக்கும்போது அண்ணி கீழேயிருந்து கூப்பிட்டார்.

பசையக்காவின் மகள் வந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார், என்னைச் சித்தி என்று கூப்பிடுவார். அம்மாவின் பையையும் செருப்பையும் எடுத்துப்போக வந்திருந்தார். அண்ணி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பையை எடுத்துக் கொடுத்தேன். மகள் அதை வாங்கிக்கொண்டு, "சித்தி, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். மேலே இருந்தேன் என்றேன். "மாஸ்டர்?" வரவில்லை என்றேன். "அப்ப அம்மா கூட யாருமே இல்லையா?" இல்லை என்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்து செருப்பை எடுத்தார். பிறகு, "அம்மாவுக்கு மூடின எடம் ஆகாது சித்தி. வீட்ல குளிக்கறப்பகூட கதவைத் தாழ் போட மாட்டாங்க, வெளிய என்னைக் காவலுக்கு நிக்கச் சொல்வாங்க. தனியா உள்ள கெடந்து எப்படிப் பயந்தாங்களோ" என்றார். செருப்பை மார்போடு வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து மாதம் பூட்டிய அறையில் அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு மூடிய இடம் ஆகாது என்பது எனக்குத் தெரியாது. அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் காப்பாற்றப்பட வேண்டும் என்றால் பசையக்கா தனியாகச் செத்திருக்க வேண்டும். அவர் தனியாக இல்லை என்று சொன்னால் அண்ணன் ஜெயிலுக்குப் போவார். நான்கு நாள் இதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். அந்த நான்கு நாளும் அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேல்முனையைத் தேய்த்துவிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. தட்டில் எனக்கு முதலில் போடச் சொன்னார். அண்ணி போட்டார்.

இன்று காலை பத்து மணிக்கு, கடைத்தெருவுக்கு என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுக் கட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். மகள் யாருக்கோ கண்ணாடி மாட்டிக் காது பக்கம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றேன். வெளியே அழைத்து வந்து நடைபாதையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். ஷட்டர் பூட்டியிருந்தது என்றேன். அம்மாவின் தலை என் மடியில் இருந்தது, காற்று வருகிற பக்கமாக முகம் இருந்தது என்றேன். அரை மணி நேரம் நான் கத்தாமல் இருந்ததையும் சொன்னேன். அம்மா கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டையைக் கேட்டு வாங்கினார். கடையில் கண்ணாடிச் சட்டத்தைப் பார்க்கிற மாதிரியே வெளிச்சத்தில் பிடித்து, மேல்முனையில் இருந்த வெட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். "இதுக்காகவா கவலைப்பட்டாங்க?" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவருக்கு. அதன் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களை மன்னிக்கணுமா வேணாமான்னு எனக்கு இப்பத் தெரியல சித்தி. இதை ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அங்கிருந்து நடந்தே இங்கு வந்தேன்.

கட்டையை இத்துடன் ஒப்படைத்துவிட்டேன். என் எதிரிலேயே அளந்து, துணியில் சுற்றி, அரக்கு வைத்தார்கள். மேல்முனையில் உள்ள வெட்டையும் வண்ணத்தையும் ஷட்டரின் இடது மூலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் பூட்டிய நான்கு முறைக்கும், முன்பு கொடுத்த பொய்க்கும், கீழ்முனையைத் தேய்த்ததற்கும் என்மேலும் வழக்கு வரக்கூடும் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன்.

அண்ணனை எப்போது அழைப்பார்கள் என்று கேட்டேன். நாளையோ மறுநாளோ ஆகும், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம் என்றார்கள். போய்த் தங்க வேறு இடம் இருக்கிறதா என்று எழுத்தர் அம்மா கேட்டார். இல்லை. என் அறைக்குப் போகிற படி அண்ணியின் சமையலறைக்குள்தான் ஆரம்பிக்கிறது. இன்று மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் போயாக வேண்டும். அண்ணி கதவைத் திறந்து, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்பார். அண்ணனும் சாப்பிட வந்திருப்பார். அப்போது நான் சொல்லப்போகும் பதிலையும் இதிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாதே என்று. நடந்ததை மட்டும்தான் எழுத முடியும் அம்மா, இனி நடக்கப்போவதை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே இந்த நிமிடம்வரை நடந்தது இதுதான். எழுதியதை எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இதில் உள்ளது முழுவதும் என் வாயால் சொன்ன உண்மை என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையாலேயே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, படித்துக் காட்டப்பட்டது. நேரம் பகல் பன்னிரண்டு ஐம்பது.

(ஒப்பம்) நிலைய எழுத்தர்